ஏழாம் எண் ஹேங்கரில் இருந்த என் சாமான்கள்

தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்கக் கூடாது, மேலாளர் அவர்களே. முதலில் மரத்தூளைத் தூவி ஊற விட வேண்டும். பிறகு கூட்டி அள்ளிவிட்டுச் சோப்புத் தண்ணீர், அதன் பிறகு வெறும் தண்ணீர். என் எட்டாம் எண் ஹேங்கரின் தரையைப் பார்த்துவிட்டு, "இங்க விமானம் நிக்குதா, இல்ல பந்தி போடப் போறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள். உங்களைத் தவிர வேறு யாரும் அவ்வளவாக உள்ளே வந்து பார்த்ததில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். படிப்பவர் யாராக இருந்தாலும் விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம்முடையது சின்ன விமான நிலையம். டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் எதுவும் இங்கே வராது. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள், அதை நிறுத்திவைக்க நிலையத்திடமிருந்து ஆளுக்கொரு கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அவற்றைத்தான் ஹேங்கர் என்கிறோம். எல்லாம் ஒரே வரிசை, நடுவில் தகரச் சுவர். ஏழாம் எண்ணில் இருப்பவர் பல் டாக்டர். எட்டில் நான்.

என் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் பரிசோதகராக இருந்தேன். இத்தனை பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று லிஃப்டுக்குள் எழுதியிருக்குமே, அதைப் படிக்கிற மிகச் சிலரில் நான் ஒருவன். ஒருவர் கூடுதலாக ஏறினால் இறங்கிக்கொள்வதும் நான்தான். ஓய்வு பெற்றதும், வீட்டில் முணுமுணுப்பு இருந்தாலும், இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினேன். இங்கே எனக்கு 'ரூல்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். தகரச் சுவரில் எல்லாம் கேட்கும்.

விதி இதுதான். ஹேங்கர் விமானத்துக்கானது. விமானம் சாராத பொருட்களை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விமானத்தை வெளியே தள்ளுவதற்கு அவை இடைஞ்சலாக இருக்கக் கூடாது. யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. இதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

பல் டாக்டர் ஒரு சோபா வைத்திருந்தார். அதுவும் நீளமான சோபா. சாயங்காலம் கிளினிக்கை மூடிவிட்டு வந்து விமானத்தைத் தட்டிக்கொடுப்பார், ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வருவார், அப்புறம் கெட்டிலில் டீ கொதிக்கும். மெக்கானிக் வருவார், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அம்மா வருவார், எரிபொருள் வண்டிக்காரர் வருவார். எல்லோரும் அந்தச் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரிப்பார்கள். சிரிப்புக்கு நான் எதிரி இல்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்காது. அதுதான் கொஞ்சம் சங்கடம்.

ஆரம்பத்தில் டாக்டர் என் கதவையும் தட்டினார். "வாங்க சார், டீ ஆறுது" என்றார். விமானத்துக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது, தரை துடைக்க நேரம் கிடைத்தது.

சோபாவைப் பற்றி உங்களிடம் புகார் செய்தேன். நீங்கள் வந்து விமானத்தை வெளியே தள்ளச் சொன்னீர்கள். சோபாவுக்கும் இறக்கையின் நுனிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. விமானம் வெளியே வந்துவிட்டது. "இடிக்கலையே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி. இடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஒரு கை இடைவெளியைப் பற்றி யோசித்தேன்.

அதை அடைப்பதுதான் வழி என்று தோன்றியது. குற்றம் இல்லாத இடத்தில் குற்றத்தைக் கொண்டுபோய் வைப்பது என்று நீங்கள் இதைச் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. சோபா வைத்தவர் நாளைக்கு பீரோவும் வைப்பார். நான் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்தேன், அவ்வளவுதான்.

பீரோ எங்கள் வீட்டுப் பீரோ, ஆள் உயரக் கண்ணாடி வைத்தது. மதிய வேளையில் டாக்டர் கிளினிக்கில் இருப்பார். அவருடைய சாவி வாசலில் பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் இருப்பது ஊருக்கே தெரியும். லோடு வண்டி ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து, காதும் காதும் வைத்த மாதிரி, இறக்கை போகும் வழியில் சரியாக நிறுத்திவிட்டு வந்தேன். கேட்டில் காவலர் என்ன சாமான் என்று கேட்டதற்கு விமான உதிரி பாகம் என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

அன்று சாயங்காலம் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன். யாருடைய பீரோ என்று டாக்டர் எல்லோரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. யாரோ வீட்டில் வைக்க இடமில்லாமல் வைத்திருப்பார்கள், பாவம், எடுக்கும் வரை இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். மெக்கானிக் அதன் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தினார். இழுத்தால் பூனைக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. விமானம் தங்கு தடையில்லாமல் வெளியே போனது. கற்றுக்கொடுக்கும் அம்மா அந்தக் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டார்.

அடுத்து எங்கள் சாப்பாட்டு மேசை. அதைச் சக்கரம் வைத்துத் தள்ள முடியாதபடி கனமானதாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் கயிறும் கப்பியும் கட்டி அதைக் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். டீ நேரத்தில் மட்டும் இறக்குவார்கள். தலைக்கு மேலிருந்து ஒரு சாப்பாட்டு மேசை மெல்ல ஆடிக்கொண்டே இறங்கி வருவதைப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் எண்ணிலிருந்தும் ஐந்தாம் எண்ணிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சோபாவில் இடம் பற்றவில்லை.

நிற்கும் விளக்கு ஒன்று வைத்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில், வேறு வழியில்லாமல், என் மனைவியின் தையல் மிஷினை வைத்தேன். மெக்கானிக் அதில் விமானங்களுக்கு உறை தைக்கத் தொடங்கிவிட்டார். அத்துடன் அது விமானம் சார்ந்த பொருளாகிவிட்டது. என் கையாலேயே அதற்குச் சட்டப்படி இடம் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

வீட்டில் என் மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள். வேண்டாத சாமான்களைக் கழித்துக்கட்டுகிறேன் என்று நினைத்தாள். தையல் மிஷின் போனதும்தான் கேட்டாள்.

"மிஷின் எங்கங்க?"

"சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்."

"அதுல ஒரு கோளாறும் இல்லையே."

"அதனாலதான் குடுத்தேன். கோளாறு வந்தப்புறம் குடுத்து என்ன பிரயோஜனம்?"

லிஃப்ட் பரிசோதகரின் மனைவி என்பதால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் பேசினால் எதிரொலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பொருட்களால் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதை வைத்தாலும் அந்த மனிதர்கள் உருட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் விதியின் கடைசிப் பகுதியை மறுபடி படித்தேன். யாரும் குடியிருக்கக் கூடாது. இதில் கை அளவு, விரல் அளவு எதுவும் கிடையாது. ஒரு ஆள் தங்கினால் தங்கியதுதான். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு ஆள்.

என் மாமனார் எங்கள் வீட்டில் ஆறு மாதம், மச்சான் வீட்டில் ஆறு மாதம் என்று இருந்து வந்தார். நல்ல மனிதர். சத்தம் கிடையாது. ஒரு பெட்டி, ஒரு பழைய போன், ஒரு மருந்து டப்பா, கழற்றிவைத்த பல் செட்டுக்கு ஒரு கிண்ணம், இவ்வளவுதான் அவருடைய உடைமை. அந்தச் சமயத்தில் அவர் மச்சான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய முறை வந்தது. பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு.

ஏழாம் எண் ஹேங்கரில் என் மாமனாரைக் குடிவைத்தது நான்தான்.

மடக்குக் கட்டில், தலையணை, போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் முன்னமே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். காரிலிருந்து இறங்கி அவர் சுற்றிப் பார்த்தார். வெகு நேரம் அந்த பீரோவையே பார்த்தார்.

"பஸ் எங்க மாப்ள?"

"கொஞ்சம் உட்காருங்க மாமா. ஆள் வருவாங்க."

அது பொய் இல்லை. சாயங்காலமானால் டாக்டர் வருவார். கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டேன். தூரமாகப் போய்விடவில்லை, பக்கத்தில் எட்டாம் எண்ணில்தான் இருந்தேன். அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் சுவர் வழியாகத் தெரிந்துவிடும். மதியம் முழுவதும் தரையைத் துடைத்தேன். அவர் இரண்டு தடவை இருமினார். பிறகு டாக்டரின் கார் வந்தது, ஏதோ பேச்சு நடந்தது, கெட்டில் கொதித்தது. அதற்கப்புறம் என் மாமனார் சிரித்தார். எங்கள் வீட்டில் இருந்தவரையில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை, அதனால் யார் குரல் என்று பிடிபடவே நேரமாயிற்று.

மச்சானுக்குப் போன் செய்து, அப்பா இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மனைவியிடம், மச்சானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார் என்றேன். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேருமே அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், அந்த நாட்களில் நிம்மதி இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். கிழவர் தினமும் காலையில் மகளுக்குப் போன் செய்வார். எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பக்கத்திலேயே நின்று கேட்பேன். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று புரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பேசி முடித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "அப்பாவுக்குப் பல்லு இப்ப வலிக்கவே இல்லையாம். அண்ணன் நல்ல டாக்டரா பாத்து செட்டைச் சரிபண்ணிக் குடுத்திருக்கான் போல. நல்லா மென்னு சாப்பிடறாராம். இத்தனை நாளா ஏன் கழட்டி வெச்சிருக்கீங்கன்னு நமக்குக் கேக்கத் தோணலையேங்க."

எனக்கும்தான் தோன்றவில்லை. அந்தக் கிண்ணத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஜன்னல் விளிம்பில் இருந்தால் கை தட்டிவிடும் என்று உள்ளே தள்ளிக்கூட வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் எடுத்த காரியம். ஒரு நாள் தங்கினால் விருந்தாளி என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள், அதனால் ஹேங்கருக்குள் கொடி கட்டி வேட்டி காயப்போடும் வரை பொறுத்திருந்தேன். பிறகு உங்களிடம் வந்து, ஏழாம் எண்ணில் யாரோ குடியிருக்கிறார்கள் என்றேன். காலையில் நீங்கள் வந்தபோது அவர் எங்கள் பீரோக் கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த டாக்டரும் அங்கே இருந்தார். நான் வாசலில் நின்றேன்.

இவர் யார் என்று நீங்கள் கேட்டீர்கள். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே, முதல் நாளே கிழவர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"என் சித்தப்பா மேடம்," என்றார். "நான்தான் தங்க வெச்சேன். தப்பு என்னுதுதான்."

என் மாமனார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு திரும்பி, "ஆமாம்மா, இவன் என் அண்ணன் மகன்" என்றார். என்னைக் காட்டி, "இவரு யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

நான் ஜெயித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மாத முடிவுக்குள் ஹேங்கரைக் காலி செய்ய வேண்டும் என்று நீங்கள் டாக்டருக்கு உத்தரவு கொடுத்தீர்கள். இங்கே காலி செய்தால் விமானத்தை விற்க வேண்டியதுதான், வேறு எங்கேயும் இடம் இல்லை என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை. கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். ஒழுங்கான ஒரு ஹேங்கர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. நான் என் தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

இந்த நிலைமையில், போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நான் வீட்டில் மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக என் மனைவி இங்கே வந்தாள். அவள் அதற்கு முன் வந்ததே இல்லை. நேராக எட்டாம் எண்ணுக்கு வந்துகொண்டிருந்தவள், வழியில் நின்றுவிட்டாள். ஏழில் மெக்கானிக் கடைசி உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். தன் மிஷின் ஓடும் சத்தம் அவளுக்குத் தெரியாதா? சத்தம் வந்த பக்கமாக உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடி என்ன பண்ண?

மிஷினைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். அண்ணாந்து, கூரையில் தொங்கிய மேசையைப் பார்த்தாள். அது தன் வீட்டு மேசைதான் என்று நம்பிக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்புறம் சோபாவில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்த தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

"மாப்ளதாம்மா கொண்டாந்து விட்டாரு. அவரைத் திட்டாதே. நல்ல இடம்மா இது. இங்க எல்லாரும் என்கிட்ட பேசறாங்க."

என் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னும் வீட்டுல பாக்கி நான் ஒருத்திதாங்க. என்னை எப்ப கொண்டாந்து வைக்கலாம்னு இருந்தீங்க?"

டாக்டர் எழுந்து கெட்டிலைப் போட்டார். அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து, மெக்கானிக் கோணலாகத் தைத்திருந்த விளிம்பைப் பிரித்துத் திரும்ப ஓட்டினாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் உட்காரவும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு எட்டாம் எண்ணுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் அப்பாவோடு கிளம்பி அங்கே போய்விடுகிறாள். அங்கேதான் தைக்கிறாள். இருட்டுவதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள், ஆகவே இப்போது அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். அவள் சொன்னதற்காக நான் உங்களிடம் வரவில்லை. விதிக்காகத்தான் வந்தேன். செய்யாத தப்புக்கு ஒருவர் ஹேங்கரைக் காலி செய்வது விதியிலேயே இல்லை.

எழுத உட்கார்ந்த பிறகு ஒன்றை மறைப்பது அழகல்ல. விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது, மேலே அதை விட்டுவிட்டேன். பறக்காமல் நிற்கும் விமானமும் விமானம் சாராத பொருளாகவே கருதப்படும். என்னுடைய விமானம் பறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கடைசியாக இறக்கியபோது தரையில் கொஞ்சம் பலமாக மோதிவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தால் என்ஜினைக் கிளப்பாமலேயே இறங்கிவிடுகிறேன். கூடப் பறந்து பார்க்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். யாரைக் கூப்பிடுவது? அதனால் பளபளவென்று துடைத்து வைத்தேன், யாரும் கேட்கவில்லை.

ஆக, பீரோ, மேசை, விளக்கு, தையல் மிஷின், மாமனார் ஆகியவற்றை ஏழாம் எண் ஹேங்கரில் வைத்தது நான். டாக்டரின் சித்தப்பா என்று யாரும் இல்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். தண்டனையாக எட்டாம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தரை சுத்தமாக இருக்கிறது. சாமான்களை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவை அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் அத்தனை சாமான்களுக்கு நடுவில் அந்த விமானம் இடிபடாமல் வெளியே போய் வருகிறதா என்று, விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. தினமும் சாயங்காலம், அவர்கள் டீ போடுகிற நேரமாகப் பார்த்து, நான் போய்க் கவனித்துக்கொள்கிறேன். இதைப் பாதுகாப்புக்காக மட்டுமே கேட்கிறேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை. சோபாவில் இடம் இருக்காது என்று தெரியும். நாற்காலி நானே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுகிறேன்.